வெளிநாடு போகும் ஆசிரியர்கள்



பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கணக்குப்பிள்ளைகளை அனுப்பிய வட்டாரம் எங்கள் காரைக்குடிப் பகுதி. இப்போது பி.எட். முடித்து, தனியார் பள்ளிகளில் பத்துப் பதினைந்து ஆண்டு பாடம் நடத்தியவர்கள் மாலத்தீவிலும் வளைகுடாவிலும் வேலை தேடுகிறார்கள். உள்ளூர்ச் சம்பளம் தெரிந்தவர்கள் அதில் குறை காணமாட்டார்கள். ஆனால், வேலை தேடுவோரை முதலில் பிடித்துக்கொள்வது வாட்ஸ்அப் தரகர்தான்.

தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்திவருவது இங்கே பலருக்குத் தெரியாது. தனியார் வழியாகப் போனாலும், பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவர் யாராக இருந்தாலும் சட்டத்துக்குப் புறம்பாகச் செயல்படுபவர். முகவரின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம்.

அடுத்த தொல்லை சான்றிதழ். பட்டத்துக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சில நாடுகளுக்குத் தூதரகம் என வரிசையாக முத்திரை வேண்டும். அனுபவச் சான்றைக் கேட்டவுடன் தரும் பள்ளி நிர்வாகங்களோ அபூர்வம். தராவிட்டால் பதினைந்து ஆண்டு உழைப்பும் கணக்கில் வராது.

அந்த அரசு நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறையாவது காரைக்குடியில் ஆசிரியர்களுக்கென்றே வழிகாட்டி முகாம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியர் இதற்கு ஏற்பாடு செய்வாரா?

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்டரமாணிக்கம்