டிக்கெட் நேரமும் உடம்பின் நேரமும்

மகளின் பிரசவத்துக்கு, பேரனின் ஆண்டு நிறைவுக்கு என்று கடல் கடந்து பறக்கும் அம்மாக்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பருப்புப்பொடி, பிரசவ லேகியம் எல்லாம் ஞாபகமாகக் கட்டி வைக்கிறோம். பயணம் எத்தனை மணி நேரம் என்பதைத்தான் சரியாகக் கணக்குப் போடுவதில்லை.

தை மாதம் லண்டன் கிளம்பிய எங்கள் எதிர்வீட்டு மாமி டிக்கெட்டைக் காட்டிச் சொன்னார்: "காலம்பர அஞ்சரைக்கு ஏறினா பதினொரு மணிக்கு லண்டனாம்! அஞ்சரை மணி நேரம்தானேடி? திருநெல்வேலிக்கே இதைவிட ஜாஸ்தி ஆறதே!"

"மாமி, அந்தப் பதினொன்று லண்டன் கடிகாரம். நம்ம ஊரில் அப்போ சாயங்காலம் நாலரை. மொத்தம் பதினொரு மணி நேரம்" என்றேன்.

சென்னைக்கும் லண்டனுக்கும் ஆகாய வழியில் சுமார் 8,200 கிலோ மீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்தாலும், போகும்போது எதிர்க்காற்று இழுத்துப் பிடிக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளுவதால் நேரம் குறையும். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை நாலரை மணி.

இது வெறும் கணக்கு இல்லை. மாமி காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இரவு ஊசி ஏழரைக்கு. லண்டனில் ஏழரை அடிக்கும்போது நம் ஊரில் நள்ளிரவு ஒரு மணி! காலை ஊசிக்கும் இரவு ஊசிக்கும் நடுவே ஐந்தரை மணி கூடிவிடுகிறதே! நாமாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. டிக்கெட்டுடன் டாக்டரிடம் போய் வேளை வாரியாக எழுதி வாங்கி வந்தோம்.

நீங்களும் இவற்றைக் கவனியுங்கள்:

• மருந்து, டாக்டர் சீட்டு இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம்.

• நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. அடிக்கடி எழுந்து நடங்கள்; பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்பது நல்லது.

• "பாத்ரூம் போக வேண்டுமே" என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.

• கைக்குழந்தைக்கு விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது வலி குறையும்.

• போய்ச் சேரும்வரை கைக்கடிகாரம் நம் ஊர் நேரத்திலேயே இருக்கட்டும். மருந்து வேளை குழம்பாது.

விமான நிலையத்தில் முன்னதாக மூன்று மணி, இறங்கி வீடு சேர இரண்டு மணி என்று கூட்டினால் பதினாறு மணி நேரம். துபாய், தோஹா வழியென்றால் அங்கே காத்திருப்பதும் சேரும். ஆகவே டிக்கெட் வாங்கும்போது, "எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்பதோடு நிற்காமல், "வாசல்படி தாண்டியதிலிருந்து எத்தனை மணி நேரம்?" என்றும் கேளுங்கள். சாப்பாடு, மருந்து, தூக்கம் எல்லாவற்றையும் அதை வைத்தே திட்டமிடலாம்.