சுவர் வெடித்தால் யார் பொறுப்பு? கெடா குடும்பங்கள் கேட்கத் தவறும் கேள்வி

தீபாவளி நெருங்கினால் பீடோங், சுங்கைப்பட்டாணி, லூனாஸ், பாடாங் செராய் வட்டார வீடுகளில் சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். உப்பிப்போன சிமெண்டுப் பூச்சின் மேலேயே புதுச் சாயம் ஏறும். சில மாதங்களில் அதே இடம் மீண்டும் உதிரும். செலவு மட்டும் எப்போதும் நம்முடையது. அது நியாயந்தானா?

சுவர் யாருடையது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும்.

முதலாவது, தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இன்னும் குடியிருப்பவர்கள். 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை. 2020 ஜூன் 1 முதல் இச்சட்டம் தோட்டங்களைத் தாண்டி மற்ற துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனாலும் "நிர்வாகத்திடம் எதற்கு வம்பு" என்று தன் சம்பளத்தில் சிமெண்டு வாங்கிப் பூசும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. புகாரைத் தொழிலாளர் இலாகாவில் கொடுக்கலாம்.

இரண்டாவது, தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் புது வீடு வாங்கியவர்கள். உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டுக்குச் சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் பழுதுக்கான பொறுப்புக் காலம். கட்டுமானக் குறையால் வந்த வெடிப்பும் பூச்சு உதிர்வும் இதில் அடங்கும். எழுத்து மூலம் தெரிவித்தால் 30 நாள்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்ன புகார் இங்கே செல்லாது. சாவி வாங்கியதும் அவசரமாக டைல்ஸ் பதித்து, சுவரை இடித்து மாற்றினால், பழுது யாரால் வந்தது என்ற வாதத்துக்கு நாமே இடம் கொடுத்துவிடுகிறோம்.

மூன்றாவது, பழைய வீட்டைப் புதுப்பிக்கச் சிறு குத்தகையாளரை அமர்த்துபவர்கள். அதிகமாக ஏமாறுவது இவர்கள்தான். தெரிந்தவர், கோயிலில் பழகியவர் என்ற நம்பிக்கையில் ரசீதுகூட இல்லாமல் பாதிப் பணம் கைமாறுகிறது. குறைந்தபட்ச சம்பளமே மாதம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில், சில ஆயிரம் ரிங்கிட் நஷ்டம் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு.

பூச்சு வேலையின் குறை உடனே தெரியாது. செங்கல்லை நனைக்காமல் பூசினால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சு பிடிக்காது. சிமெண்டு அதிகமானால் சுருங்கி மயிர்க்கோடுகளாக வெடிக்கும். குறைந்தால் மணலாக உதிரும். பூசிய பிறகு சுமார் ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாத வடக்கு வெயிலில் இது மிக அவசியம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் பூச்சு சுவரோடு ஒட்டவில்லை என்று பொருள். தரையிலிருந்து ஈரம் ஏறும் சுவருக்கோ, கூரை ஒழுகும் சுவருக்கோ மூலத்தைச் சரிசெய்யாமல் எத்தனை முறை பூசினாலும் பயனில்லை. 2022 ஜூலையில் பாலிங், கூப்பாங் பகுதியைத் தாக்கியது போன்ற வெள்ளத்தில் ஊறிய சுவரும் முழுமையாகக் காய்ந்த பிறகே பூச்சுக்குத் தயாராகும்.

ஏமாற்றப்பட்டால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஆதாரம் தேவை. வேலையின் அளவு, கலவை, தவணை, முடியும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டால் போதும். குத்தகையாளர் சிஐடிபி பதிவு பெற்றவரா என்பதையும் முன்பே கேட்டுவிடலாம்.

கோயில் நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இப்படியொரு மாதிரி ஒப்பந்தத் தாளைத் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டுக் கொடுத்தால், பண்டிகைக்கு முன் பல குடும்பங்களின் பணம் தப்பும்.