பண்டிகை நாளில் மூடப்படாத மடிக்கணினி



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், வீடு சந்திப்புக்குச் செல்லும் இடங்களில் எல்லாம் ஒரே முறையீட்டைக் கேட்கிறேன். "பாஸ்டர், பண்டிகை நாளில்கூட இவன் அந்தப் பெட்டியை மூடமாட்டேன் என்கிறான். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். கூட்டாளிகளோடு மட்டும் போனில் சிரிக்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்." தாராவியிலும் கேட்டேன், மாட்டுங்காவிலும் கேட்டேன், செம்பூரிலும் கேட்டேன்.

இந்த முறையீட்டின் வேர் எது என்று நான் யோசித்ததுண்டு. திருநெல்வேலிச் சீமையை விட்டு இந்நகருக்கு வந்த நம் தகப்பன்மார் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தார்கள். தாய்மார் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்கக் கொடுத்தனுப்பினார்கள். அவர்களுடைய உழைப்பைக் கண்ணால் பார்க்கலாம். கையில் தழும்பாகத் தொட்டும் பார்க்கலாம். அவர்களுடைய பிள்ளைகளோ இன்று ஐரோலியிலும் பவாயிலும் குளிரூட்டிய கட்டிடங்களில் மென்பொருள் எழுதுகிறார்கள். அந்த உழைப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உட்கார்ந்திருக்கிறவன் எப்படிக் களைத்துப்போவான் என்று நாம் கேட்டுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் தவற்றை இம்மாதம் உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

அது 2021-ஆம் ஆண்டு டிசம்பர். ஒமைக்ரான் பரவிய நேரம். இரவு ஒன்பது மணிக்குமேல் ஐந்து பேருக்கு அதிகமாகக் கூடக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு கிறிஸ்துமஸ் சமயத்தில் உத்தரவிட்டது. அலுவலகங்கள் பல இன்னும் வீட்டிலிருந்தே நடந்தன. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில் ஒருவன் எங்கே அமர்ந்து வேலை செய்வான்? எங்கள் சபை வாலிபர்கள் சிலர் ஆராதனைக் கூடத்தின் பின்புற அறையைக் கேட்டார்கள், கொடுத்தோம்.

டிசம்பர் 24 மாலை. சகோதரிகள் கூடத்தை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையிலிருந்து பெரும் சிரிப்பொலி கேட்டது. உள்ளே சென்றேன். ஒரு தம்பி என்னைப் பார்த்து, "பாஸ்டர், ஒரு விடுகதை. புரோகிராமருக்கு மட்டும் அக்டோபர் 31-ம் டிசம்பர் 25-ம் ஒன்றுதான். ஏன்?" என்றான். அக்டோபர் 31 மேலைநாட்டார் பேய்வேடம் போடும் நாள் என்பது எனக்குத் தெரியும். அதையும் இரட்சகரின் பிறப்பைக் கொண்டாடும் நாளையும் ஒன்றென்கிறானே என்று கோபம் வந்தது. "பரிசுத்தமானதைக் கேலியாக்காதீர்கள். வெளியே வேலை செய்கிறவர்களுக்கு உதவி செய்தால் என்ன?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கடிந்துகொண்டேன். சிரிப்பு நின்றது. விடுகதை சொன்ன தம்பி மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். இரவு அவனுடைய தாயார் என்னிடம் வந்து, "பாஸ்டர், இரண்டு வாரமாக அவன் சரியாகத் தூங்கவேயில்லை" என்றார்கள். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. நானும் படியில் போய் அவன் அருகில் அமர்ந்தேன்.

முதலில் விடுகதையை விளக்கினான். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அந்த முறைக்கு டெசிமல் என்று பெயர். கணினித் துறையில் எட்டு எட்டாக எண்ணும் முறையும் உண்டு. அதற்கு ஆக்டல் என்று பெயர். எட்டு முறையில் 31 என்று எழுதினால் மூன்று எட்டும் ஓர் ஒன்றும், அதாவது நம் கணக்கில் 25. ஆக்டல் 31-ம் டெசிமல் 25-ம் சமம். மாதப் பெயர்களின் முதல் எழுத்துகளும் அப்படியே பொருந்துகின்றன. இவ்வளவுதான். ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் அவர்களுக்குள் சுற்றிவரும் பழைய வேடிக்கை. அதில் நிந்தனை ஏதும் இல்லை. நம் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கே சொல்லலாம்.

அடுத்து, தூக்கமின்மையின் காரணத்தைச் சொன்னான். அதை நீங்களும் அறியவேண்டும்.

பல மென்பொருள்கள் தங்களிடம் நடப்பதைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு வைத்திருக்கும். யார் வந்தார், என்ன கேட்டார், எங்கே பிழை நேர்ந்தது என்று எழுதிவைக்கும். ஜாவா மொழியில் எழுதப்பட்ட எண்ணற்ற மென்பொருள்களில் இந்த வேலையைச் செய்யும் ஒரு சிறிய உதவிநிரல் உண்டு. அதன் பெயர் லாக்ஃபோர்ஜே. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். காவலாளியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வருகிறவர் பெயர் சொல்கிறார், அவர் எழுதிக்கொள்கிறார். ஒருநாள் ஒருவன் வந்து தன் பெயருக்குப் பதிலாக, "இன்ன முகவரிக்குப் போ, அங்கே கொடுப்பதை வாங்கிவந்து சொன்னபடி செய்" என்கிறான். காவலாளி அதை எழுதுவதோடு நிற்காமல், வாசலை விட்டுப் போய் அப்படியே செய்தால் எப்படியிருக்கும்? லாக்ஃபோர்ஜேயில் இருந்த ஓட்டை அதுதான். டாலர் குறியும் வளைந்த அடைப்பும் கொண்ட ஒரு சிறு வரியை அதன் பதிவேட்டில் விழும்படி அனுப்பினால் போதும். அது வெளியே ஓர் இடத்தைத் தொடர்புகொண்டு, அங்கிருந்து வரும் கட்டளையை உள்ளே ஓட்டிவிடும். மைன்கிராஃப்ட் என்னும் பிள்ளைகளின் விளையாட்டில், அரட்டைப் பகுதியில் அந்த வரியை எழுதியே கணினிகளைக் கைப்பற்ற முடிந்தது.

அந்த வசதி 2013-இல் நல்ல நோக்கத்தோடு சேர்க்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் அதன் ஆபத்து வெளியே தெரியாமல் இருந்தது. 2021 நவம்பர் 24 அன்று சீனாவின் அலிபாபா நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு நிபுணர் அதைத் தெரிவித்தார். டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை, உலகமெங்கும் செய்தி பரவியது. ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று மதிப்பிடப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணம் முன்னெச்சரிக்கையாக ஏறத்தாழ 4,000 அரசு இணையதளங்களை மூடியது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை தன் நாட்டு அரசுத் துறைகளுக்குக் கொடுத்த முதல் கெடு டிசம்பர் 24. சரிசெய்த பதிப்பு என்று ஒன்று வரும். அதிலும் குறை கண்டு அடுத்தது வரும். 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்தில் நான்கு வந்தன. ஒவ்வொரு முறையும் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடி மாற்றினார்கள். வங்கியின் பணமும் மருத்துவமனையின் குறிப்புகளும் அவற்றுக்குப் பின்னால் இருந்தன.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய நிறுவனங்கள் எல்லாம் சார்ந்திருந்த அந்த உதவிநிரலைப் பராமரித்தவர்கள் ஒரு சிறு தன்னார்வக் குழுவினர். அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ், தங்கள் பிழைப்புக்கான வேலைக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் செய்துவந்தார்கள். அந்த வாரங்களில் அவர்களும் உறக்கமின்றி உழைத்தார்கள். அதற்குப் பலனாக ஏச்சும் பேச்சும் வாங்கினார்கள். ஆராதனைக்கு முன் கூடத்தைப் பெருக்கிப் பாய் விரிக்கும் சகோதரனை நாம் என்றைக்கு நினைக்கிறோம்? பாய் விரிக்காத அன்றைக்குத்தான்.

மூத்த வாசகர்கள் 1999 டிசம்பர் 31 இரவை மறந்திருக்கமாட்டீர்கள். பழைய நிரல்களில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அக்காலத்தில் கணினியின் நினைவகம் விலையேறப்பெற்றது; ஆகவே சிக்கனம் செய்தார்கள். 99-க்குப் பின் 00 வரும்போது கணினி அதை 1900 என்று எண்ணிவிடும் என்பது அச்சம். சில பிரசங்க மேடைகளில் உலக முடிவே பேசப்பட்டது. நாம் கூடங்களில் பாடி ஜெபித்துப் புத்தாண்டுக்குள் பிரவேசித்தபோது, பற்பல மென்பொருள் அலுவலகங்களில் வாலிபர்கள் திரையைப் பார்த்து விழித்திருந்தார்கள். அவர்களுடையதும் ஒரு காத்திருப்பு ஆராதனை போலத்தான். விடிந்தது, பெரிதாக ஒன்றும் நேரவில்லை. "வீண் பயம்" என்று உலகம் சிரித்தது. ஆனால் பல ஆண்டுகள் உட்கார்ந்து திருத்தியதால் அல்லவா பெரும்பாலும் ஒன்றும் நேரவில்லை! திருத்தத் தவறிய இடத்தில் என்ன ஆயிற்று? இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஒரு பரிசோதனைக்கூடக் கணினி கர்ப்பிணிகளின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. 150-க்கும் மேற்பட்ட தாய்மாருக்கு, கருவிலுள்ள குழந்தையின் குறைபாட்டைப் பற்றித் தவறான முடிவு போய்ச்சேர்ந்தது. இரண்டு இலக்கத்தின் விலை அது.

அந்த மாடிப்படியில் நான் கற்றுக்கொண்ட மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பெற்றோருக்கு. பிள்ளைகளின் சிரிப்பைக் கேட்டுத் தவறாக எண்ணாதிருங்கள். "என் கணினியில் சரியாக ஓடுகிறதே" என்பார்கள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் மாற்றாதே" என்பார்கள். "ஒரு பிழையைத் திருத்தினேன், மூன்று பிறந்தன" என்பார்கள். பாரம் சுமக்கிறவர்கள் ஏலேலோ பாடுவதுபோல, இது அவர்களுடைய பாரச் சிரிப்பு. மேலும், அங்கே நியூயார்க்கில் டிசம்பர் 24 நண்பகல் 12 மணி என்றால் இங்கே நமக்கு இரவு 10.30. அவர்கள் விடுமுறைக்குப் புறப்படும் நேரத்தில் நம் பிள்ளையின் காவல் தொடங்குகிறது. "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்பதைவிட, "இன்றைக்கு எது மாட்டிக்கொண்டது?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் முழுவதும் புரியாமற்போகலாம். கேட்டதே அவனுக்கு ஆறுதல்.

இரண்டாவது, வாலிபப் பிள்ளைகளுக்கு. உங்கள் வேலை அவசரமானது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா அழைப்பும் அவசரமல்ல என்பது எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். பண்டிகைக் காவலை உங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸை ஆசரிக்காத தோழன் உங்களுக்காக அன்று விழித்திருந்தால், தீபாவளிக்கு நீங்கள் அவனுக்காக விழித்திருங்கள். வீட்டார் அறியும்படி, "இன்ன மணி முதல் இன்ன மணி வரை வேலை" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரையின்மேல் உள்ள எரிச்சலைத் தாயின்மேல் காட்டாதிருங்கள். அவர்களுக்கு உங்கள் வேலையை ஒருநாள் பொறுமையாக விளக்குங்கள். காவலாளியின் நோட்டுப் புத்தகம் யாருக்குத்தான் புரியாது?

மூன்றாவது, என்னைப் போன்ற மேய்ப்பருக்கும் மூப்பருக்கும். கடிந்துகொள்ளுமுன் விசாரியுங்கள். கூட்டத்தில் கடிந்துகொண்டதைத் தனிமையில் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட முடியாது. ஆகவே மறுநாள் கிறிஸ்துமஸ் ஆராதனையில், எல்லாருக்கும் முன்பாக அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். விடுகதையையும் நானே சபைக்குச் சொன்னேன். முதியவர்களில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. ஆனால் கடைசி வரிசையிலிருந்து அவனுடைய தகப்பனார் சிரித்தார். மகன் இரவே அவருக்கு விரலை மடக்கி எண்ணிக்காட்டியிருக்கிறான்.

டிசம்பர் 28 அன்று அந்தத் தம்பி மறுபடியும் பின்னறையின் சாவியைக் கேட்டு வந்தான். "பாஸ்டர், 2.17.1 வந்துவிட்டது" என்றான். சாவியோடு ஒரு தம்ளர் தேநீரும் கொடுத்தேன்.

இந்தப் பண்டிகை இரவில் உங்கள் வீட்டிலும் ஒரு மடிக்கணினி திறந்திருக்கலாம். அதன் வெளிச்சம் விழும் முகத்தைச் சற்று நின்று பாருங்கள். விழித்திருக்கிற நம் பிள்ளைகளை, உறங்காத தேவன் காப்பாராக. ஆமென்.