காரணம் சொல்லாத பழுதுபார்ப்பு

எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்து, மின்கட்டணம் செலுத்துவது முதல் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்கள் வரை குடும்பத்தின் சகல காரியங்களையும் நடத்திக் கொடுத்த மேசைக் கணினி, சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில், வங்கி, ரயில் முன்பதிவு, செய்தித்தாள் என்ற பேதம் பாராமல், எந்தத் தளத்தைத் திறக்க முயன்றாலும் இணைப்பு பாதுகாப்பானதன்று என்று எச்சரித்து நின்றுவிட்டது. கடைக்கு எடுத்துச் சென்றோம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிருக்கும் சார், பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது, புதுசா வாங்கிடுங்க" என்றார் ஒருவர். இன்னொரு கடையில், "பார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார்கள். இரண்டுக்கும் சம்மதியாமல் வீட்டுக்கே கொண்டுவந்து நிதானமாகப் பார்த்தபோதுதான், திரையின் கீழ் ஓரத்துக் கடிகாரம் 2012ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

வியாதி அதுதான். மின்சாரம் இல்லாத வேளையிலும் கணினியின் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது, மதர்போர்டில் பதிந்திருக்கும், நாணயம் போன்ற ஒரு லித்தியம் பேட்டரி. சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட் மின்னழுத்தம். அது தீர்ந்துபோனால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் பின்வாங்கிவிடுகிறது; ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்குச் சாட்சியாகக் காட்டும் சான்றிதழில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையில் செல்லும் என்ற வரையறை இருப்பதால், காலத்தில் பின்தங்கிய கணினி அச்சான்றிதழ்களையெல்லாம் இன்னும் அமலுக்கே வராதவை என்று கருதி நிராகரித்துவிடுகிறது. வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம், நல்ல வழக்கமே. ஆயினும், அப்போது கடிகாரத்தின் பாரம் முழுவதும் அந்தச் சிறு பேட்டரியின் மேல் விழுந்து, அதன் ஆயுள் சற்றுக் குறைகிறது. நூறு ரூபாய்க்குள் புதிய பேட்டரி ஒன்று வாங்கிப் பொருத்தித் தேதியைத் திருத்தியதும் எல்லாத் தளங்களும் திறந்தன.

ஒரு கடையைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. சென்னை ரிச்சி தெருவின் சந்துகளில், உப்பிப்போன ஒரு கெபாசிட்டரைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டு, அதைக் கழற்றி வேறொன்றைப் பற்றவைத்து, இறந்ததென்று கைவிடப்பட்ட போர்டுக்கு உயிர் கொடுக்கிற நிபுணர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அத்தகைய ஞானம் நம்மிடையே இல்லாமலில்லை. அதற்கு விலை கொடுக்கும் மனம்தான் நம்மிடம் இல்லை. அரை மணி நேரம் சோதித்து, "ஒன்றும் பழுதில்லை, கேபிள்தான் தளர்ந்திருந்தது" என்று சொல்லும் நேர்மையாளருக்கு இருநூறு ரூபாய் கொடுக்க முகம் சுளிக்கிற நாம், அவரே புதிய உறுப்பு ஒன்றை மாட்டி இரண்டாயிரம் கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறோம். ஆராய்ச்சிக்குக் கூலியில்லை, உறுப்புக்கு மட்டுமே கூலி என்று ஆகிவிட்ட தொழிலில், ஆராயாமலே உறுப்பை மாற்றச் சொல்லும் சுபாவம் வளர்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வாஸ்தவத்தில், பழைய கணினிகளின் கோளாறுகளில் பெரும்பகுதி மிகச் சாதாரணமானவை. சித்திரை, வைகாசி வெயிலில் இருபது நிமிஷம் ஓடித் தானே அணைந்துவிடும் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் வந்திருப்பது வெப்ப நோய். ப்ராஸசரின் மேலுள்ள விசிறியில் தூசி கம்பளம் போல் அடைந்திருக்கும், அல்லது வெப்பத்தைக் கடத்துவதற்காகத் தடவிய பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். தூசியைத் தட்டிப் பசையைப் புதுப்பித்தால் போதும். திரையில் ஒன்றும் தெரியாமல் 'பீப் பீப்' என்று ஒலி மட்டும் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ராம் என்னும் நினைவகம்; ஈரக் காற்றில் அதன் பொன்முலாம் பூசிய முனைகள் மங்கியிருக்கக்கூடும்; மின் இணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டு, ராமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்தினால் பல சமயங்களில் கணினி எழுந்துகொள்ளும். எழுந்துகொண்டும் ஆமைபோல் நகர்கிறதென்றால், குற்றம் ப்ராஸசருடையது என்று தீர்மானித்துவிடலாகாது. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஓர் எஸ்.எஸ்.டி. வைத்த பிறகு, ஐந்து நிமிஷம் காத்திருந்த வீட்டார் அரை நிமிஷத்தில் வேலையைத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு, உடம்பில் ஒரு நோயுமில்லாத கணினிகளும் இப்போது கழித்துக்கட்டப்படுகின்றன. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கோருகிற டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அம்சமும் புதிய தலைமுறை ப்ராஸசரும் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய இயந்திரங்களில் அநேகமாக இல்லை. ஆதரவற்ற மென்பொருளில் வங்கிக் காரியங்களைத் தொடர்ந்து செய்வது அபாயம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மென்பொருளின் ஆயுள் முடிந்ததென்றால் இயந்திரத்தின் ஆயுளும் முடிந்ததென்று கொள்வது நியாயமாகாது. லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச அமைப்புகள் நான்கு ஜிபி ராம் உள்ள பழைய கணினியிலும் சௌகரியமாக ஓடுகின்றன. கடிதம் எழுதவும் இணையத்தைப் பார்க்கவும் வேறென்ன வேண்டும்?

எல்லாவற்றினும் என்னை வருத்துவது, டிஸ்கில் உள்ளதையெல்லாம் அழித்துவிடும் பார்மட்டை முதல் நிவாரணமாகச் சொல்லும் அலட்சியம். ஒரு குடும்பக் கணினியில் இருப்பவை பத்து வருஷத்துப் புகைப்படங்கள்; காலஞ்சென்ற பெரியவர்கள், யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த கடிதங்கள். அந்த எழுத்துருவும் அதே டிஸ்கில்தான் இருக்கும். அது அழிந்தால், கோப்பின் நகல் வேறோர் இடத்தில் இருந்தும்கூடப் படிக்க முடியாத குறிகளாகவே நிற்கும். ஆகவே கணினி மக்கர் செய்யத் தொடங்கிய அன்றே, வேறெதையும் தொடுமுன், கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று ஓசை கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கலாகாது. உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் ஒப்படைப்பதே உசிதம்.

பழுதுபார்க்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம்: சோதனைக்கு இவ்வளவு கூலி என்று கடை வாசலில் எழுதி வையுங்கள், கண்ட காரணத்தை ரசீதில் ஒரு வரியாகக் குறியுங்கள், கழற்றிய உறுப்பைத் திருப்பிக் கொடுங்கள். வாசகர்களே, அந்தச் சோதனைக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். காரணம் எழுதப்படாத ரசீதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.