தீக்குச்சி சொல்லும் பாடம்



தீக்குச்சியைச் சுவரில் உரசினால் எளிதில் பற்றுவதில்லை. ஏன் தெரியுமா? குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சிவப்புப் பாஸ்பரசோ பெட்டியின் பக்கத்தில் பூசிய மருந்தில் இருக்கிறது. இரண்டும் உரசினால்தான் தீப்பற்றும்.

தன்னம்பிக்கையும் அப்படித்தான். கற்கும் உழைப்போடு சேராவிட்டால் அது வெறும் குச்சியே.

இதற்குச் சான்று மல்லாங்கிணற்று மாணவருக்கு வெகுதூரத்தில் இல்லை. அதே மாவட்டத்துச் சிவகாசியில் இருக்கிறது. மழை குறைந்த அந்தக் கரிசல் பூமியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்றனர். ஊர் வேறு, மொழி வேறு. ஆயினும் மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். திரும்பி வந்து 1923-இல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். 'முடியும்' என்று நம்பியதோடு நிற்காமல், கற்க வேண்டிய இடத்தைத் தேடிப் போனார்கள் அல்லவா?

பிற்காலத்தில் அதே தொழிலில், பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர் பலர் குச்சி அடுக்கினர் என்பதையும் மறக்கலாகாது. அவர்களுக்குக் கிட்டாத வகுப்பறை உங்களுக்குக் கிட்டியிருக்கிறது. வசதியில்லை, சிற்றூர் என்று தயங்காதீர்கள். புரியாததைக் கூச்சமின்றிக் கேளுங்கள். முதல் உரசலில் பற்றாவிட்டால் என்ன? மீண்டும் உரசுங்கள்!