ஆற்றுக்கும் ஓர் அட்டை வேண்டும்



மருத்துவமனையில் நோயாளியின் கட்டில் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் எத்தனை டிகிரி, மாலையில் எத்தனை டிகிரி என்று அதில் குறித்திருப்பார்கள். மருத்துவர் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான். ஒரு வேளைக் காய்ச்சல் அளவு அவருக்கு அதிகம் சொல்லாது. ஏறுகிறதா, இறங்குகிறதா, எப்போது ஏறுகிறது என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கும். நம் ஊர் ஆற்றுக்கு அப்படி ஓர் அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் அதை எழுதவேண்டியவர் யார்? நீங்கள்தாம் என்பது என் கருத்து.

எங்கள் வாலாஜாபாத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் பாலாற்றில் மணல்தான் கண்ணுக்குத் தெரியும். 2021 நவம்பரில் வந்ததுபோன்ற பெருவெள்ளம் எப்போதோ ஒருமுறை வருவது. ஆனால் ஆறு வற்றிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மணலுக்கடியில் ஊறி நகரும் நீரும் ஆறுதான். கரையோரக் கிணறுகளில் சுரப்பது அந்த நீரே. ஆகவே இங்கே ஆற்றை அளப்பது என்றால் பெரும்பாலும் கிணற்றை அளப்பதுதான்.

வண்டலூர் சாலையில் சென்றால் ஒரகடம், அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூர். வயலும் ஏரியுமாக இருந்த இடங்களில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றில் வேலை கிடைத்திருக்கிறது. அவற்றைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் ஊர் மாறும்போது நீரும் மாறக்கூடும். மாறுமுன் எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், மாறியதைப் பின்னர் எவரிடமும் மெய்ப்பிக்க இயலாது.

இதே பாலாற்றின் மேற்பகுதியில் நடந்ததைப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 28.8.1996 அன்று வெளியான தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இடம்பெற்றிருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பதே அது. அதை எடுத்தது அரசு அலுவலகம் அன்று. ஒரு தன்னார்வ அமைப்பு. கிணறு கிணறாக எடுத்த கணக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது! ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்ற புலம்பல் மட்டும் அவ்வளவு தூரம் போயிருக்குமா?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களிடம் இருக்கும் ஆய்வுக்கூடம் நம்மிடம் இல்லை என்பது மெய்தான். ஆனால் ஆற்றங்கரையில் நாள்தோறும் அவர்களால் நிற்க முடியாது, நம்மால் முடியும். முந்தாநாள் இரவு நீர் நுரைத்து ஓடியதும், நேற்றுக் காலை மீன் செத்து மிதந்ததும் கரையில் இருப்பவனுக்குத்தானே தெரியும்?

எதை அளப்பது? எளிதானது மின்கடத்துதிறன். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புகள் கரைந்தால் அவை அயனிகளாகப் பிரிகின்றன. அயனிகள் கூடக்கூடக் கடத்துதிறன் கூடும். பேனா அளவேயுள்ள கருவி இதை அளந்து, கரைந்த உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இதனுடன் அமில காரத்தன்மை, வெப்பநிலை, நிறம், மணம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மாணவர்களுடன் ஒருமுறை இப்படிச் சில கிணறுகளை வாரந்தோறும் அளந்தோம். எங்கேயோ உள்ள ஆலைதான் காரணம் என்ற முடிவோடு கிளம்பினார்கள். ஆனால் அளவு மிகுந்திருந்தவை எங்கள் தெருச் சாக்கடையை ஒட்டிய கிணறுகள்! சாக்கடையை விட்டு விலக விலக அளவு குறைந்தது. சோப்பு நீரையும் கழிவையும் விட்டவர்கள் நாங்களே. மாணவர்கள் முகம் வாடிவிட்டது. எனக்கோ மகிழ்ச்சி. நாம் விரும்பாத விடையையும் சொல்வதற்குத்தானே அளவீடு?

“பிள்ளைகள் எடுத்த அளவை யார் நம்புவார்கள்?” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு ஏறும். 25 டிகிரியில் இருந்த நீரை வெயிலில் வைத்து 35 டிகிரியில் அளந்தால், உப்பு கூடாமலே அளவு 20 விழுக்காடு கூடிவிடும். வெப்பநிலையை ஈடுசெய்யும் வசதி கருவியில் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கிட்டுத் திருத்துங்கள். அளவு தெரிந்த கரைசலில் கருவியை அவ்வப்போது சரிபாருங்கள். ஒரே கிணறு, ஒரே நேரம், மூன்று முறை அளவு, சராசரி. பிழையை மறைக்காமல் எழுதுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை எடுத்தாலும் முறையாக எடுத்த அளவு அளவுதான்.

கருவியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சமையல் உப்பையும் குரோமியத்தையும் அது வேறுபடுத்தி அறியாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அவ்வளவு சிறிய அளவு நம் கருவியில் தெரியவே தெரியாது. ஆகவே அளவு குறைவு என்பதால் நீர் நல்லது என்று சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். அளவு கூடியதால் எவரையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். நம் வேலை அட்டை எழுதுவது. அட்டையில் ஏற்றம் கண்டால் ஆய்வுக்கூடத்தை அழைக்கும் உரிமை நமக்கு உண்டு. இன்னொன்று: ஆசிரியர் துணையின்றி நீர்நிலைக்குப் போகாதீர்கள், கழிவுநீரைக் கையால் தொடாதீர்கள்.

இது நமக்குப் புதிய வேலையுமன்று. பாலாற்றுக்குத் தென்புறம் உள்ள உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், குடவோலை முறையில் ஊரார் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்த விதம் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்பது விதி. நீரைக் காப்பவன் கணக்கு வைத்தாக வேண்டும் என்பதை நம் முன்னோர் கல்லிலே வெட்டி வைத்தார்கள்.

இன்று ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் கிராமந்தோறும் 5 பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. பள்ளிகளும் அவர்களோடு சேரட்டும். வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு கூடும் திருமுக்கூடலுக்கு மேலே ஒரு பள்ளி, கீழே ஒரு பள்ளி எனக் கரையோரப் பள்ளிகள் ஆளுக்கு இரண்டு கிணறுகளை ஏற்றுக்கொள்ளட்டும். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலக நீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. ஓராண்டுக் கணக்கை அங்கே படித்துக் காட்டுங்கள். அதிகாரிகளும் அதைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்காமல் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும், தொடங்குவதற்கு. முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். பத்தாண்டு கழித்து ஒருவர், ‘இந்தக் கிணறு முன்பு எப்படி இருந்தது?’ என்று கேட்பார். விடை உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.