சுவரில் ஒட்டிய மருந்து

பெங்களூரின் மின்னணுத் தொழிற்கூடங்களில் சில்லு பொருத்துவோர் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிந்திருப்பர். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி புவியோடு இணைக்கப்பட்டிருக்கும். உடலில் சேரும் நிலைமின்னூட்டம் விரல்நுனி வழியே பாய்ந்து சில்லைக் கெடுத்துவிடாமல் அதனைப் புவிக்குக் கடத்துவதே அந்தப் பட்டையின் பணி. காலணி, மேசைவிரிப்பு, தரை ஆகியவையும் இதே நோக்கத்தோடு தெரிவு செய்யப்படுகின்றன. நிலைமின்னைக் கட்டுப்படுத்தும் அறிவு இந்நகரத்தில் அன்றாட ஒழுங்காகவே ஊறிப்போயிருக்கிறது. அந்த அறிவு, அது மிகுதியாகத் தேவைப்படும் மற்றொரு பணியிடத்தை, வெடிமருந்து கையாளப்படும் பணியிடத்தை, எந்த அளவு சென்றடைந்திருக்கிறது என்பது ஆய்வுலகம் எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.

தோட்டாக்கூட்டில் மருந்து நிரப்பும் கருவியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்கா போன்ற நாடுகளில் இது வீட்டுக் கொட்டகைகளிலும் நிகழ்கிறது. எங்கு நிகழ்ந்தாலும் கருவியின் அமைப்பு ஒன்றே. மேலே ஒரு கொள்கலன். அதன் அடியில் குறித்த அளவு மருந்தைப் பிரித்தெடுக்கும் அளவறை. அதன்கீழ் மருந்தைக் கூட்டுக்குள் இறக்கும் புனல். இக்கருவியைப் பயன்படுத்துவோர் அடிக்கடி காணும் தொல்லை, மருந்துத் துகள்கள் கொள்கலனின் சுவரிலும் புனலின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு கீழிறங்க மறுப்பதாகும்.

ஒட்டுதலுக்குக் காரணம் ஒன்று மட்டுமன்று. புதிய கருவியில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசப்பட்ட எண்ணெய் எஞ்சியிருந்தால் துகள்கள் அதில் படியும். கருவியை முறையாகக் கழுவி உலர்த்தினால் இத்தொல்லை தீரும். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தை நெகிழிக் கொள்கலனிலேயே நெடுநேரம் விட்டுவைத்தால், அது நெகிழியின் பரப்பை அரித்து மங்கச் செய்துவிடும். அப்பரப்பிலும் துகள்கள் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மருந்தை அதன் மூலப் பெட்டிக்கே திருப்புவது இதற்குரிய தீர்வு. மூன்றாவது காரணமும் மிகப் பரவலானதும் நிலைமின்னூட்டமே. இரு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் இடம்பெயர்கிறது. நெகிழி மின்கடத்தாப் பொருளாதலால் அவ்வூட்டம் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கிறது.

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்க்கும் பள்ளிச் செயல்முறைதான் இது. ஆயினும் இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. துகளின் எடை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. பரப்போ இருமடிக்கு ஏற்பவே குறைகிறது. ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்க, அதனைக் கீழே இழுக்கும் எடையைவிடப் பரப்பில் தங்கும் மின்னூட்டத்தின் பிடி மேலோங்குகிறது. நொறுங்கிய மருந்தின் நுண்பொடியே முதலில் சுவரில் ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். பெங்களூரின் பிப்ரவரி, மார்ச் மாதப் பிற்பகல்களைப் போலக் காற்றில் ஈரம் வற்றியிருக்கும் வேளைகளில் இது இன்னும் மிகும். ஈரமான காற்றில் பரப்பின்மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் மின்னூட்டத்தைக் கசியவிடும்; வறண்ட காற்றில் அந்த வழி அடைபடுகிறது.

இதனைச் சிறு தொல்லையென ஒதுக்குவது பிழை. முதல் ஆபத்து அளவு பிசகுவதில் இருக்கிறது. புனலின் கழுத்தில் தங்கிய மருந்து ஒரு தோட்டாவில் குறைகிறது. பின்னர் உதிர்ந்து அடுத்த தோட்டாவில் மிகுகிறது. குறைந்த மருந்துடைய தோட்டாவின் குண்டு துப்பாக்கிக் குழலின் நடுவே சிக்கிக்கொள்ளக்கூடும். அதனை அறியாமல் அடுத்து ஒருமுறை சுட்டால் குழலே வெடித்துவிடலாம்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குப் புலப்படாதது. மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் எனக் கொண்டால், 3,000 வோல்ட்டில் அது தாங்கும் ஆற்றல் 0.45 மில்லிஜூல். அந்த அளவுக்குக் கீழான மின்னிறக்கத்தை மனிதர் பெரும்பாலும் உணர்வதே இல்லை. தோட்டாவின் அடியில் பொருத்தப்படும் பிரைமரில் பரவலாகப் பயன்படும் லெட் ஸ்டிஃப்னேட், உலர்ந்த நிலையில் இதனினும் குறைந்த ஆற்றலில் தீப்பற்றவல்லது. உலோகக் கிண்ணத்துள் அடைபட்டிருக்கும்வரை அதற்கு ஓரளவு காப்பு உண்டு. உதிர்ந்து கிடக்கும் துகளுக்கு அதுவும் இல்லை. சுவரில் மருந்து ஒட்டுகிறது என்றால், பிரைமர்கள் வைக்கப்பட்டிருக்கும் அதே மேசையில் மின்னூட்டம் தேங்கியிருக்கிறது என்று பொருள்.

எனவே தீர்வுகளை இரு வகையாகப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவகை, அறிகுறியை மட்டும் மறைப்பது. கொள்கலனைத் தட்டி மருந்தை உதிர்ப்பதும் உலர்ந்த துணியால் துடைப்பதும் இவ்வகையின. உலர்ந்த துணி மேலும் மின்னூட்டத்தையே ஏற்றும். மற்றொரு வகை, மின்னூட்டம் வெளியேற வழி அமைப்பது. நெகிழிக்குப் பதில் உலோகப் புனல், கருவிக்கும் ஆளுக்கும் புவி இணைப்பு, அறையில் போதிய ஈரப்பதம் ஆகியவை இதில் அடங்கும். புகையற்ற மருந்தின் மணிகளுக்குத் தொழிற்சாலையிலேயே கிராஃபைட் பூசுவதும் இதன்பொருட்டே. மின்னைக் கடத்தும் கிராஃபைட், மணிகள் தடையின்றி உருளவும் உதவுகிறது. புதிய கருவியில் சிறிது மருந்தைப் பலமுறை ஓடவிட்டு, அந்தக் கிராஃபைட்டைச் சுவரில் படியவிடும் பழக்கமும் அறிவியலுக்கு உகந்ததே. துணி உலர்த்தும் இயந்திரத்தில் இடும் மென்மையூட்டித் தாளால் துடைப்பதும் பயன் தரும். அத்தாள் விட்டுச்செல்லும் படலம் ஈரத்தை ஈர்த்து ஊட்டத்தைக் கசியவிடுகிறது. ஆனால் அப்படலம் தேய்ந்துபோகும். புவி இணைப்புக்கு அது ஒருபோதும் மாற்றாகாது.

இவையனைத்தும் தோட்டாவோடு நின்றுவிடும் செய்திகளல்ல. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகாசி வட்டாரத்தில், அலுமினியப் பொடி கலந்த மருந்தைக் கையாலேயே நிரப்புவோர் எண்ணற்றோர். அங்கு விபத்து நேரும்போதெல்லாம் செய்திகளில் இடம்பெறும் காரணம் பெரும்பாலும் ஒரே சொல்லாக அமைகிறது: உராய்வு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகும் விபத்துகள் ஓயவில்லை; அந்தச் சொல்லும் ஓயவில்லை. உராய்வு என்பது எதைக் குறிக்கிறது? இரும்புக் கருவி உரசிய வெப்பத்தையா? மணல் கலந்த மருந்தின் தேய்ப்பையா? செயற்கை இழை ஆடையில் தேங்கிய மின்னூட்டத்தையா? இம்மூன்றுக்கும் தடுப்புமுறைகள் வெவ்வேறு. மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கும்போது விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. தொழிலாளியின் கவனக்குறைவு என்ற தீர்ப்பும் எளிதில் வந்து சேர்கிறது.

தோட்டா நிரப்பும் அறையின் தீர்வுகளை அப்படியே அங்குப் பெயர்த்துவைக்கவும் இயலாது. அலுமினியம் கலந்த மருந்து ஈரத்தோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடக்கூடியது. ஆதலால் காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டுவது அங்கே புதிய ஆபத்தை விளைவிக்கும். மின்கடத்தும் தரை, உலோகத் தட்டுகளுக்குப் புவி இணைப்பு, பருத்தி ஆடை, கொட்டகைக்குள் நுழையுமுன் உடலின் ஊட்டத்தை இறக்கும் ஏற்பாடு ஆகியவற்றையே சார்ந்திருக்க வேண்டும். எந்தத் தரை வியர்வையிலும் மருந்துப் பொடியிலும் தன் கடத்துத்திறனை இழக்காமல் நெடுநாள் நிற்கும், குறைந்த விலையில் ஒரு கொட்டகையின் மின்னூட்டத்தை அளப்பது எப்படி என்பன ஆய்வுக்குரிய வினாக்கள். துகள்களுக்கிடையே மின்னூட்டம் எவ்வாறு இடம்பெயர்கிறது என்பதே இன்றும் முழுமையாகத் தீர்க்கப்படாத அடிப்படை இயற்பியல் சிக்கலாகும். எனவே இது ஆய்வாளர்கள் இறங்கி வந்து செய்யும் தொண்டு என்று கருதுவதற்கு இடமில்லை. அவர்களது துறையின் நடுவிலேயே கிடக்கும் வேலை இது.

சில்லு கெட்டால் இழப்பை நிறுவனம் கணக்கிடுகிறது; ஆகவே பட்டை வருகிறது. கொட்டகையில் இறப்பவரின் இழப்பைக் கணக்கிடுவது அவருடைய குடும்பம் மட்டுமே. ஆகவே உராய்வு என்ற சொல் மட்டும் வருகிறது. இரண்டிடத்திலும் இயற்பியல் ஒன்றே. மணிக்கட்டுப் பட்டையின் விலையும் பெரிதன்று. பல்கலைக்கழகங்களின் வேதியியல், இயற்பியல், பாதுகாப்புப் பொறியியல் துறைகள் இனியேனும் தம் மாணவரைச் சிவகாசியின் ஒரு கொட்டகைக்குள் மின்னூட்டமானியோடு அனுப்ப வேண்டும். அங்கே எடுக்கப்படும் அளவீடுகள், அடுத்த விபத்தின் அறிக்கையில் அந்த ஒற்றைச் சொல்லைக் கடந்து எழுதுவதற்கு வழிசெய்யும்.